ஒரு பட்டை கூட

வெயில் ஏறுமுன் முடிக்கணும் என்று
நாலு மணிக்கே எழுப்பிவிட்டான் சகுபர்.
வெள்ளிக்கிழமை. சோகாரில் எங்கள் வாடகை வீட்டு முற்றம்.
முன்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து
பின்பக்கம் தூக்கிய ஹைலக்ஸ்
தண்ணீர் குடிக்கக் குனிந்த ஆடு மாதிரி நின்றது.

அறுபது கேன் தண்ணீர். ஒன்று பத்தொன்பது கிலோ.
கதவுக்குள் ஒட்டிய தகட்டில்
ஒரு டன் என்றுதான் போட்டிருக்கிறது.
இந்தக் கணக்கை நான் அர்பாபிடம் சொன்னதில்லை,
வண்டிதான் சொல்லிக்கொண்டிருந்தது:
வேகத்தடையில் இரும்போடு இரும்பு டமாரென்று.
ராத்திரியில் முகப்பு விளக்கு இரண்டும்
சாலையை விட்டுவிட்டு
பேரீச்சை உச்சியில் காய் எண்ணும்.
எதிரே வருகிறவன் கண் கூசி
ஹாரனாலேயே என் அப்பனைத் திட்டிவிட்டுப் போவான்.

கமான் பட்டை இருக்கா என்று கேட்டோம்.
கமானி என்று எடுத்துப் போட்டான் குல்சமான்,
சனையாவில், அவன் பழைய இரும்புக் கடையில்.
ஒரே சொல்
எந்த ஊரில் பிரிந்து
ராமநாதபுரத்துக்கும் பன்னுவுக்கும் போனதோ.
வில் என்று அர்த்தமாம்.
அப்போ அம்பு யாரு, என்றான் ஜஸ்டஸ்.
பதினேழு ரியால் கொடுத்துவிட்டு வந்தோம்.

யூ போல்ட் மட்டும் புதுசு.
ஒருதடவை இழுபட்டது மறுபடி பிடிக்காது
என்று சொன்னதும் குல்சமான்தான்.
சொல்லும்போது எங்களைப் பார்க்கவில்லை.

ராத்திரியே டீசல் ஊற்றி வைத்திருந்தும்
நட்டு அசையவில்லை. கடல்காற்றுத் துரு.
ஸ்பானரில் பைப்பைச் செருகி
மூன்று பேரும் தொங்கினோம்.
நாலாவது நட்டு
போல்ட்டையும் கூட்டிக்கொண்டு முறிந்தது.
சென்டர் போல்ட்டைக் கழற்றி
கிளாம்பை மெல்லத் தளர்த்தினால்
பட்டைக்கும் பட்டைக்கும் நடுவிலிருந்து மணல்.
மணல், மணல், என் வாய்க்குள்ளும் மணல்.
எந்த வாடியில் ஏறிக்கொண்டதோ,
டிக்கெட் இல்லாமல் இவ்வளவு நாள்.

பழைய பட்டைகள் படுத்துப்போயிருந்தன.
வந்தது மட்டும் இன்னும் வளைந்திருந்தது.
நீளம் பார்த்து, மூன்றாவதுக்குக் கீழே,
கிரீஸ் தடவிச் செருகினோம்.
அப்புறம் அந்த அரை அங்குலம்.
போல்ட்டின் தலை அச்சின் குழியில் உட்காரணும்.
நான் மல்லாந்து கிடந்து காலால் உதைக்க
சகுபர் ஜாக்கை ஒவ்வொரு பல்லாக ஏற்ற
ஜஸ்டஸ் டார்ச் பிடித்துக்கொண்டு
இந்தப்பக்கம், அந்தப்பக்கம்,
அய்யோ போச்சு, இல்ல இல்ல, இந்தப்பக்கம்.
டொக்.
பசி அப்போதுதான் தெரிந்தது.
இன்னொரு பக்கம் அப்படியே பாக்கி.

பதினொன்றுக்கு இறக்கினோம்.
வெறும் வண்டி
பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு திமிராக நின்றது.
ஓட்டிப் பார்த்தேன்:
ஒவ்வொரு கல்லையும் பேர் சொல்லி
என் முதுகெலும்பில் அறிவித்தது.
டீ முழுக்க மடியில்.
சுமையை நினைத்து வளைத்த இரும்புக்கு
சும்மா இருக்கத் தெரியவில்லை.

சனிக்கிழமை அறுபது கேன் ஏற்றினேன்.
மட்டம் பிடித்தமாதிரி நின்றது.
அன்று ராத்திரி விளக்கு தார்மேல் விழுந்தது,
வெள்ளைக்கோடு தெரிந்தது,
கோட்டின் ஓரம் செத்துக் கிடந்த ஒற்றைச் செருப்புகூட.
நாலு வருஷமாக இந்த ரோட்டில் ஓட்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அர்பாப் வந்தார்.
வண்டியைச் சுற்றினார். குனிந்து பார்த்தார்.
பின்பலகையில் கைவைத்து அமுக்கினார்.
ஜைன், ஜைன்.
என் தோளையும் அதேபோல அமுக்கி
இரண்டு விரல் காட்டினார்.
இன்னும் இருபது.

அச்சு அதே அச்சு. பிரேக் அதே பிரேக்.
பிரேக்குக்கு இங்கே அரபியிலும் பிரேக்தான்.
சொல்லியிருக்கலாம்.

முந்நூறு கிலோமீட்டர் ஓடியதும்
யூ போல்ட்டை மறுபடி முறுக்கணும்;
ஸ்பானர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது.
எண்பது கேனோடு இப்போது போய்க்கொண்டிருக்கிறேன்.
விளக்கு உச்சிக்குப் போகவில்லை,
பாதிப் பேரீச்சையில் நிற்கிறது.